கவுண்டியிலிருந்து ஆளுநர் மாளிகைக்கு: ஸ்பைரோ அக்னியூ ஏறிய வழி

கேள்வி இது: அமெரிக்காவில் ஒரு கவுண்டியை நிர்வகித்தவர் அங்கிருந்து மாநில ஆளுநராக உயர்வது எப்படி? நல்ல நிர்வாகி என்ற பெயர் மட்டும் அதற்குப் போதுமா?

போதாது என்பதே என் பதில். அதற்கான காரணங்களைப் பொதுவாக அடுக்குவதைவிட ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் கவுண்டியை 1962 முதல் 1966 வரை நிர்வகித்து, அடுத்து ஆளுநராகி, 1969இல் அமெரிக்கத் துணை அதிபராகவும் ஆன ஸ்பைரோ அக்னியூதான் அவர். துணை அதிபராக அவர் பேசிய பேச்சுகளும் 1973இல் அவர் பதவி விலகிய விதமும் பலருக்கும் தெரியும். கவுண்டியில் அவர் கழித்த ஆண்டுகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. அவருடைய ஏற்றத்துக்கும் வீழ்ச்சிக்கும் விதை விழுந்த இடம் அதுவே என்பதால், பதிலின் பெரும்பகுதியை அங்கேயே செலவிடுகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திவிடலாம். நம் நாட்டில் ஆளுநர் என்பவர் நியமிக்கப்படுபவர். அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், ஏறக்குறைய நம் முதலமைச்சரைப் போன்றவர். கவுண்டியைப் பரப்பளவில் நம் மாவட்டத்தோடு ஒப்பிடலாம், ஆனால் அதன் தலைமையில் இருப்பவர் அரசு அதிகாரி அல்லர், வாக்கு வாங்கி வந்த அரசியல்வாதி. பால்டிமோர் கவுண்டி என்பதும் பால்டிமோர் நகரம் என்பதும் வேறு வேறு. 1851 முதல் இரண்டும் தனித்தனி நிர்வாகங்கள். நகரத்தைக் குதிரை லாடம் போலச் சுற்றிக் கிடக்கும் புறநகர்ப் பகுதியே கவுண்டி. அதன் தலைமையிடம் டௌசன். அந்தக் கவுண்டிக்குள் தனி நகராட்சி என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே காவல், பள்ளிக் கட்டடம், சாலை, குடிநீர், கழிவுநீர், மனை அனுமதி எல்லாம் ஒரே அலுவலகத்தில் வந்து குவிந்தன.

அந்தக் குவிப்பின் அளவு புரிய வேண்டுமானால் மக்கள்தொகையைப் பார்க்க வேண்டும். 1950இல் ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரமாக இருந்த கவுண்டியின் மக்கள்தொகை 1960இல் 4 லட்சத்து 92 ஆயிரத்தைத் தொட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய குடும்பங்கள் நகரத்தைவிட்டு வெளியேறி, புல்வெளியோடு கூடிய வீடுகளைத் தேடிப் புறநகருக்கு வந்தன. பத்தே ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேலானோர் வந்து குடியேறினால் அத்தனை பேருக்கும் சாக்கடை வேண்டும், பள்ளி வேண்டும், சாலை வேண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் வரைபடம் போடப் பொறியாளர் வேண்டும். எந்த விளைநிலம் குடியிருப்பாகலாம், எந்த மூலையில் கடைவீதி வரலாம் என்று யாரேனும் முடிவு செய்தாக வேண்டும். பழைய ஆணையர் குழு முறை இதற்கெல்லாம் ஈடுகொடுக்க முடியாமல் திணறியதால், 1956இல் கவுண்டி புதிய சாசனத்தை ஏற்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நிர்வாகத் தலைவரும் ஏழு பேர் கொண்ட மன்றமும் அதன்படி உருவாயின.

அக்னியூ இந்தக் காலத்தின் பிள்ளை. தந்தை கிரேக்க நாட்டிலிருந்து வந்து பால்டிமோரில் உணவகம் நடத்தியவர். மகன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கப் போய்ப் பாதியில் விட்டு, இரவுக் கல்லூரியில் சட்டம் படித்து, இடையில் ஐரோப்பியப் போர்முனையில் பணியாற்றித் திரும்பி, 1947இல் பட்டம் பெற்றார். ஒரு மளிகைக் கடைத் தொடரில் ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் வேலையையும் சில காலம் பார்த்தார். குடும்ப வழக்கப்படி ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்திருந்தவரை, தொழிலில் மூத்த ஒருவர் குடியரசுக் கட்சிக்கு மாறச் சொன்னார். கொள்கைக்காக அன்று. ஜனநாயகக் கட்சியில் முன்னேறக் காத்திருக்கும் இளம் வழக்கறிஞர்களின் வரிசை நீளம், இந்தப் பக்கம் வரிசையே இல்லை என்பதுதான் காரணம். மேரிலாந்தில் அந்நாளில் பதிவு செய்த ஜனநாயகக் கட்சியினர் குடியரசுக் கட்சியினரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதை நினைவில் வைத்தால், இது எவ்வளவு துணிச்சலான கணக்கு என்பது விளங்கும். அவர் வாழ்க்கை முழுவதும் இந்தக் கணக்கு பலித்தது.

1957இல் அவருக்குக் கிடைத்த முதல் பதவி கவுண்டியின் மனைப் பயன்பாட்டு மேல்முறையீட்டு வாரியத்தில் ஓர் இடம். பகுதி நேர வேலை, ஆண்டுக்கு 3,600 டாலர் ஊதியம். வெளியே இருந்து பார்த்தால் சலிப்பூட்டும் பதவி. ஆனால் நிலம் பொன்னாகிக்கொண்டிருந்த ஒரு கவுண்டியில், எந்த நிலம் என்னவாகலாம் என்ற தகராறுகள் கடைசியில் வந்து நிற்கும் மேசை அதுதான். கட்டுமானத் தொழில் செய்பவர்கள், நில வியாபாரிகள், அவர்களுடைய வழக்கறிஞர்கள், பொறியாளர்கள் என அனைவரையும் அக்னியூ முகம் பார்த்துப் பழகிய இடமும் அதுதான். 1960இல் அவர் நீதிபதி பதவிக்குப் போட்டியிட்டுக் கடைசி இடத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சியினர் அவரை வாரியத்திலிருந்து நீக்கினார்கள். அவருக்குச் செய்திருக்கக்கூடிய மிகப் பெரிய உதவி அந்த நீக்கம்தான் என்று சொல்வேன். அவர் உரக்க எதிர்த்தார், செய்தித்தாள்கள் எழுதின, கட்சி முதலாளிகள் நேர்மையான மனிதரை வெளியேற்றிவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. அதுவரை டௌசனுக்கு வெளியே யாரும் அறியாத பெயர் கவுண்டி முழுவதும் தெரிந்தது.

1962இல் நிர்வாகத் தலைவர் பதவிக்கு அவர் நின்றபோது, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கவுண்டி ஆட்சி ஜனநாயகக் கட்சியின் கையில்தான் இருந்துவந்தது. ஆனால் அந்த ஆண்டு அக்கட்சி இரண்டாக உடைந்திருந்தது. பதவியில் இருந்த கிறிஸ்டியன் காலை, பழைய தலைவரான மைக்கேல் பர்மிங்காம் உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார். தோற்ற அணி, கட்சிக்காக வேலை செய்யாமல் ஒதுங்கியது மட்டுமல்லாமல் எதிரணிக்கும் உதவியது. அக்னியூ ஏறத்தாழ 17 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். சொந்த பலத்தில் பெற்ற வெற்றி என்று இதைக் கூற முடியாது. எதிரி வீட்டுச் சண்டையில் கிடைத்த வெற்றி.

நிர்வாகியாக அவர் மோசமில்லை. புதிய பள்ளிகளைக் கட்டினார், ஆசிரியர் ஊதியத்தை உயர்த்தினார், காவல் துறையைச் சீரமைத்தார், குடிநீர், கழிவுநீர் வசதிகளை விரிவாக்கினார். நிறப் பாகுபாடு விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் குறிப்பிடத்தக்கது, ஏனென்றால் பிற்காலத்து அக்னியூவை மட்டும் அறிந்தவர்களுக்கு அது வியப்பளிக்கும். கவுண்டியில் க்வின் ஓக் என்றொரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. 1963 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாளன்று, வெள்ளையரும் கறுப்பரும் பாதிரிமார்களுமாகத் திரண்டு வாசலில் மறியல் செய்தார்கள். ஏறத்தாழ 280 பேர் கைதானார்கள். அக்னியூ போராட்டக்காரர்களின் அவசரத்தைக் குறைகூறவும் செய்தார், பூங்கா உரிமையாளர்களோடு பேச ஏற்பாடும் செய்தார். ஆகஸ்ட் 28 அன்று, அதாவது வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய அதே நாளில், பூங்காவின் கதவு எல்லோருக்கும் திறந்தது. பதினோரு மாதக் கறுப்பினக் குழந்தை ஒன்றை அதன் தந்தை பிடித்துக்கொள்ள, அது குதிரை ராட்டினத்தில் சுற்றி வந்தது. அந்த ராட்டினம் பிற்பாடு வாஷிங்டனின் நேஷனல் மால் திடலுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

இரு தரப்பையும் கடிந்துகொண்டு நடுவில் ஒரு ஏற்பாட்டை முடித்துவைக்கும் இந்தப் பாணியால் அவருக்கு மிதவாதி என்ற பெயர் கிடைத்தது. ஆனால் பெயர் வாக்காக மாறுமா என்பது வேறு கேள்வி. 1966 நெருங்கியபோது கவுண்டியில் ஜனநாயகக் கட்சியினர் மீண்டும் ஒன்றுபட்டிருந்தனர். நின்றால் தோற்போம் என்பது அக்னியூவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கீழே இருக்க முடியாது என்ற நிலையில் மேலே போவதே வழி என்றாகிவிட, அவர் ஆளுநர் தேர்தலில் நின்றார். உயர் பதவியை நாடும் உள்ளூர் அரசியல்வாதிகளைப் பேராசைக்காரர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல நேரம் அவர்கள் இருக்கும் நாற்காலி ஆடுவதால்தான் அடுத்த நாற்காலியைப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது முறையும் எதிரியே உதவினார். பதவியில் இருந்த ஆளுநர் மில்லார்ட் டாஸ் சட்டப்படி மீண்டும் நிற்க முடியாது. ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் கார்ல்டன் சிக்கிள்ஸ், தாமஸ் ஃபைனன் என்ற இரு முக்கியத் தலைவர்கள் வாக்குகளைப் பிரித்துக்கொள்ள, பல தேர்தல்களில் நின்று தோற்ற சாலை ஒப்பந்ததாரர் ஜார்ஜ் மஹோனி ஏறத்தாழ முப்பது சதவீத வாக்குகளோடு, இரண்டாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்திவிட்டார். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்ற சட்டத்தை எதிர்த்து, ‘உங்கள் வீடு உங்கள் கோட்டை, அதைக் காத்துக்கொள்ளுங்கள்’ என்பதையே அவர் முழக்கமாக வைத்தார். சொல்லாமல் சொன்ன செய்தி யாருக்கும் புரியாமல் இல்லை. வெறுத்துப்போன பால்டிமோர் நகரக் கணக்கு அதிகாரி ஹைமன் பிரெஸ்மன் சுயேச்சையாக நின்று இன்னும் ஒரு பங்கைப் பிரித்தார். கறுப்பின வாக்காளர்களும் தாராளவாத ஜனநாயகக் கட்சியினரும் மஹோனிக்கு வாக்களிக்க முடியாமல் குடியரசுக் கட்சி வேட்பாளரிடம் வந்தார்கள். முடிவு: அக்னியூ 49.5 சதவீதம், மஹோனி 40.6, பிரெஸ்மன் 9.9. வித்தியாசம் ஏறத்தாழ 82 ஆயிரம் வாக்குகள். பிற்காலத்தில் கறுப்பினத் தலைவர்களைப் பகைத்துக்கொண்டு புகழ்பெற்றவர், ஆளுநர் மாளிகைக்குள் நுழைந்தது அவர்களுடைய வாக்குகளால்.

ஒரு கவுண்டித் தலைவருக்கு மாநில அளவில் போட்டியிடக் கவுண்டி என்ன தருகிறது? அக்னியூவின் கவுண்டியில் மாநில மக்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்ந்தார். பால்டிமோர் நகரத்துத் தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் அங்குள்ள செய்திகளைத் தினமும் கொண்டு சேர்த்தன. இவை இரண்டும் வெளியே தெரிந்த பலம். வெளியே தெரியாத பலம் பணம். இங்கே சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேரிலாந்தில் அப்போது சாலை போடுவது போன்ற கட்டுமான வேலைகளுக்கு டெண்டர் உண்டு. ஆனால் அந்தச் சாலைக்கு வரைபடம் தயாரிக்கும் பொறியாளரையும் கட்டடக் கலைஞரையும் தேர்ந்தெடுக்க டெண்டர் இல்லை. அது தொழில்முறைச் சேவை, விலையை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது வாதம். வாதம் தவறும் அல்ல. ஆனால் விளைவு என்னவென்றால், தகுதியுள்ள பத்து நிறுவனங்களில் யாருக்கு வேலை என்பது கவுண்டி நிர்வாகத் தலைவரின் விருப்பத்தைப் பொறுத்தது. 1973இல் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த நாற்பது பக்க ஆவணம், அக்னியூ கவுண்டித் தலைவரான சில காலத்துக்குள்ளேயே பொறியியல் ஒப்பந்தத்துக்கு ஐந்து சதவீதம், நில அளவைக்கு இரண்டரை சதவீதம் என்று ஒரு பொறியாளர் கமிஷன் கணக்கே போட்டு வைத்திருந்ததாகக் கூறுகிறது. ஆளுநரானதும் இதே முறை மாநிலச் சாலை ஆணையத்துக்கு இடம்பெயர்ந்தது. வந்த பணத்தில் பாதி ஆளுநருக்கு, மீதி பாதி இடையில் நின்ற இருவருக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டதாகவும் அந்த ஆவணம் கூறுகிறது. 1968 கோடையில் அதே பொறியாளர் ஆளுநரின் அலுவலகத்துக்குத் தனியாகச் சென்று, தாம் தர வேண்டிய தொகை என்று சொல்லி, ஏறத்தாழ 20 ஆயிரம் டாலர் ரொக்கத்தை ஓர் உறையில் வைத்துக் கொடுத்ததாகச் சாட்சியம். துணை அதிபரான பிறகும் வாஷிங்டன் அலுவலகத்தில் 10 ஆயிரம் டாலர் உறை ஒன்று கைமாறியதாக அவர் சொன்னார். கவுண்டிக் காலத்து வேலைக்கான பாக்கி, ஆளுநர் காலத்து வேலைக்கான பாக்கி என்று கடன் கணக்குப்போல அது அவரைத் தொடர்ந்து வந்தது. அக்னியூ தாம் லஞ்சம் வாங்கியதில்லை என்றே கடைசிவரை சொன்னார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஆளுநராக அவருடைய முதல் ஆண்டு நன்றாகவே போனது. வருமானத்துக்கேற்ப உயரும் வரிமுறை வந்தது. கலப்பு மணத்தைத் தடை செய்த பழைய சட்டம் 1967இல் நீக்கப்பட்டது. வீட்டுரிமையில் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம், வரம்புகளோடுதான் என்றாலும், நிறைவேறியது. திருப்பம் 1968 வசந்தத்தில் வந்தது, அதுவும் இரண்டு வாரங்களில் இரண்டு அடியாக. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லரை அக்னியூ முன்னின்று ஆதரித்துவந்தார். மார்ச் 21 அன்று ராக்கஃபெல்லர் தொலைக்காட்சியில் அறிவிக்கப்போகிறார் என்றதும், செய்தியாளர்களைத் தம் அலுவலகத்துக்கே அழைத்து உட்காரவைத்து, சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்தார். திரையில் வந்தவர் போட்டியிடப்போவதில்லை என்றார். முன்கூட்டி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அறை நிறைய நிருபர்கள் முன்னிலையில் அவமானப்பட்டு நின்ற அந்த மனிதரை, அதே கட்சியில் அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த ரிச்சர்ட் நிக்சனின் ஆட்கள் விரைவிலேயே அணுகினார்கள்.

ஏப்ரல் 4 அன்று கிங் கொல்லப்பட்டார். அன்று பகலில்தான் தலைநகர் அன்னபோலிஸில் போவி மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் கைதாகியிருந்தனர். பால்டிமோர் எரிந்தது, ஆறு பேர் இறந்தார்கள். ஏப்ரல் 11 அன்று ஏறத்தாழ நூறு கறுப்பினத் தலைவர்களை அழைத்த ஆளுநர், ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்து வந்தவர்களிடம், தீவிரவாதிகளைக் கண்டிக்க அஞ்சுகிறீர்கள் என்று கடிந்துரைத்தார். பெரும்பாலானோர் எழுந்து வெளியேறினார்கள். க்வின் ஓக்கில் இரு தரப்பையும் கடிந்துகொண்டவர் இப்போது ஒரு தரப்பை மட்டும் கடிந்துகொண்டார். அவரை ஆளுநராக்கிய கூட்டணி அந்த அறையிலேயே கலைந்தது. அதே பேச்சுதான் நிக்சனின் கண்ணில் அவரைத் தகுதியானவராக்கியது. ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளரானார். மனை வாரியத்திலிருந்து விரட்டப்பட்டு ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீழ்ச்சியும் டௌசனிலிருந்தே தொடங்கியது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் பகுதி. மத்திய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் பீல், குடியரசுக் கட்சி செனட்டர் ஒருவரின் தம்பி. அவர் குறிவைத்தது அக்னியூவை அல்ல. அக்னியூவுக்குப் பின் கவுண்டித் தலைவரான ஜனநாயகக் கட்சிக்காரர் டேல் ஆண்டர்சனின் ஒப்பந்தங்களைத்தான் அவருடைய குழு 1973இல் துருவிக்கொண்டிருந்தது. சிக்கிய பொறியாளர்கள் தங்களைக் காத்துக்கொள்ள, இதற்கு முன்பிருந்தவருக்கும் இப்படித்தான் கொடுத்தோம் என்றார்கள். கட்சி மாறியும் வழக்கம் மாறவில்லை. அக்டோபர் 10 அன்று பால்டிமோர் நீதிமன்றத்தில், 1967ஆம் ஆண்டு வருமான வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டு ஒன்றை மட்டும் எதிர்த்து வாதாடப்போவதில்லை என்று சொல்லி அக்னியூ பதவி விலகினார். 10 ஆயிரம் டாலர் அபராதம், மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. ஆண்டர்சன் சிறைக்குப் போனார். அக்னியூ ஆளுநர் பதவியை விட்டுப் போனபோது சட்டமன்றம் தேர்ந்தெடுத்த மார்வின் மாண்டெலும் 1977இல் வேறொரு ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டார். அந்தத் தண்டனை பத்தாண்டுகள் கழித்து ரத்தானது.

மேரிலாந்தில் பால்டிமோர் நகர மேயர்கள் ஆளுநரானது பலமுறை நடந்திருக்கிறது: மெக்கெல்டின், ஷேஃபர், ஓ’மேலி. கவுண்டி நிர்வாகத் தலைவர்களில் அக்னியூவைத் தவிர இன்னொருவர்தான் அப்படி ஆனார், பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியைப் பன்னிரண்டு ஆண்டுகள் நிர்வகித்த பாரிஸ் கிளெண்டெனிங். 1994இல் அவர் வென்ற வித்தியாசம் 5,993 வாக்குகள்; மாநிலத்தின் இருபத்து நான்கு பகுதிகளில் மூன்றில் மட்டுமே முன்னணி பெற்றார், அவற்றுள் ஒன்று அவர் சொந்தக் கவுண்டி. 2018இல் இரு கவுண்டித் தலைவர்கள் ஆளுநர் பதவிக்கு முயன்றார்கள். பால்டிமோர் கவுண்டியின் கெவின் காமெனெட்ஸ் உட்கட்சித் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் மாரடைப்பால் காலமானார். பிரின்ஸ் ஜார்ஜஸின் ரஷர்ன் பேக்கர் தோற்றார். இப்போது இவர்களுடைய பார்வை வாஷிங்டன் பக்கம் திரும்பியிருக்கிறது: 2024இல் ஏஞ்சலா ஆல்சோப்ரூக்ஸ் செனட்டுக்கும், ஜானி ஓல்ஷெவ்ஸ்கி பிரதிநிதிகள் சபைக்கும் கவுண்டி நாற்காலியிலிருந்து நேரே போனார்கள்.

அன்னபோலிஸ் ஆளுநர் வரவேற்பறையில் முன்னாள் ஆளுநர்களின் ஓவியங்கள் மாட்டப்படுவது வழக்கம். அக்னியூவின் ஓவியத்தை 1979இல் ஆளுநர் ஹாரி ஹியூஸ் கழற்றி எடுக்கச் செய்தார். 1983இல், மேரிலாந்து மக்கள் தொடுத்த உரிமையியல் வழக்கின் தீர்ப்புப்படி, லஞ்சமாகப் பெற்றதாக நீதிமன்றம் கண்ட தொகையை வட்டியோடு சேர்த்து 2,68,482 டாலராக அக்னியூ மாநிலத்துக்குச் செலுத்தினார். ஓவியம் 1995இல் மீண்டும் சுவருக்கு வந்தது. அதை மாட்டச் சொன்னவர் கிளெண்டெனிங்.